கரண்ட் போகும் ஊரில் லினக்ஸ்: போட்டதும் எடுத்ததும்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறது, 2 ஜிபி ராம், அதில் எந்த லினக்ஸ் போடலாம் என்பது ஒன்று. "இருபது வருஷமாக டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் போட்டீர்களே அண்ணே, எது தேறியது, எதை ஏன் விட்டீர்கள்?" என்பது மற்றொன்று. (லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள்; அதை ஒவ்வொரு குழுவும் தன் பாணியில் கட்டித் தரும் வகைதான் டிஸ்ட்ரோ.) முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு: டெபியன் என்ற டிஸ்ட்ரோ, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசைத்தளம் (திரையில் தெரியும் முகம்), கூடப் பழைய வட்டுக்குப் பதில் வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி. ஏன் டெபியன் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டாவது கேள்விக்குள் போக வேண்டும், அது கொஞ்சம் நீளும், டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

சென்னையில் ஐடி கம்பெனியில் இருப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும், அதுவும் சரியாகவே இருக்கும். நான் மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மனு தட்டச்சு, ஜெராக்ஸ். என் டிஸ்ட்ரோக்களைப் பாதிக்கு மேல் நான் தேர்ந்தெடுக்கவில்லை, கரண்டும் இணையமும்தான் தேர்ந்தெடுத்தன.

2003ல் தொடங்கியது. தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தேன், தினமும் மன்னார்குடியிலிருந்து பஸ். பிசி க்வெஸ்ட் மாதிரி ஆங்கில இதழ்கள் லினக்ஸ் சிடியைச் சேர்த்துக் கொடுத்த காலம், நாங்கள் இதழ் வாங்குவதே சிடிக்காகத்தான். என் கைக்கு வந்தது ரெட் ஹேட் லினக்ஸ் 9, மூன்று சிடி. வீட்டில் செலரான் கணினி, 128 எம்பி ராம். வட்டைப் பிரிக்கும் இடத்தில் எதை அழுத்தினேனோ, விண்டோஸ் இருந்த பார்ட்டிஷன் மொத்தமும் போயிற்று, அதோடு அக்கா கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலும் போயிற்று. மறுபடி ஞாபகத்திலிருந்து எழுதியதில் ஒரு பெரியப்பா வீடு விட்டுப்போய், அந்த மனஸ்தாபம் தீர ஆறு வருஷம் ஆனது. எங்கள் வீட்டில் இன்றும் லினக்ஸ் என்றால் அந்தப் பெரியப்பாதான் நினைவுக்கு வருவார்.

ஏற்றி முடித்ததும் பாட்டு கேட்கலாமென்று எக்ஸ்எம்எம்எஸ் என்ற பாட்டுக் கருவியைத் திறந்தால் எம்பி3 பாடவில்லை. கோளாறெல்லாம் இல்லை, காப்புரிமைச் சிக்கல் காரணமாக முந்தைய 8ஆம் பதிப்பிலேயே அந்த வசதியை எடுத்திருந்தார்கள். (அந்தக் காப்புரிமைகள் ஒருவழியாக 2017ல் முடிந்தன, அதன் பிறகு ஃபெடோராவில் எம்பி3 முழுதாக வந்தது.) அதற்கான சின்ன ஆர்பிஎம் கோப்பை (ரெட் ஹேட்டில் மென்பொருள் வரும் பொதி) இறக்கிக்கொண்டால் போதும். இறக்க இணையம் வேண்டுமே. கணினிக்குள் இருந்த மோடமோ தன் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரிடம் தள்ளிவிடும் ரகம், வின்மோடம் என்பார்கள், லினக்ஸில் அது வெறும் தகரம். ஆகவே கல்லூரி விட்டதும் தஞ்சாவூரில் பிரவுசிங் சென்டர், ஃப்ளாப்பியில் கோப்பு, பஸ், வீடு. வீட்டில் ஃப்ளாப்பி படிக்காது. மறுநாள் இரண்டு ஃப்ளாப்பி. பாட்டு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம், விசிடி பார்க்க எம்பிளேயர் வேண்டுமென்று இறங்கினேன். ஒரு ஆர்பிஎம் இன்னொரு லைப்ரரியை (நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு) கேட்கும், அது குறிப்பிட்ட பதிப்பில் மூன்றாவதைக் கேட்கும், கேட்பது எது என்பது வீட்டில் வந்து நிறுவும்போதுதான் தெரியும். ஒரு லைப்ரரிக்கு ஒரு பஸ் டிக்கெட். பதினோராவது நாளில் படம் ஓடியது. படம் என்னவென்று மறந்துவிட்டது, லைப்ரரி பெயர்கள் மறக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிஸ்ட்ரோ என்றால் பலர் திரையின் அழகைத்தான் நினைக்கிறார்கள். திரையை எந்த டிஸ்ட்ரோவிலும் மாற்றிக்கொள்ளலாம். கல்லணைக்கு வருவது ஒரே தண்ணீர், அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது, எந்த வாய்க்காலில் எப்போது எவ்வளவு விடுவது என்ற முறைதான் ஊருக்கு ஊர் வேறு. அதுபோல கர்னல் என்ற உட்கரு எல்லாருக்கும் ஒன்றுதான், 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மேல் மென்பொருளை யார் பொதி கட்டுகிறார்கள், ஒன்றை நிறுவினால் அது கேட்பவற்றை யார் தேடிக் கொண்டுவருகிறார்கள், புதுப்பிப்பு எப்போது வருகிறது, எத்தனை வருஷம் வருகிறது, இதுதான் டிஸ்ட்ரோ. ரெட் ஹேட் 9ல் நான் பதினோரு நாள் பஸ்ஸில் செய்த வேலையை டெபியனில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி ஒரே கட்டளையில் செய்துகொண்டிருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியாது.

2004ல் நாப்பிக்ஸ். கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் டெபியனை வைத்துச் செய்தது, சிடியிலிருந்தே முழுக் கணினியும் ஓடும், வட்டைத் தொடாது, 2 ஜிபி அளவு மென்பொருளைச் சுருக்கி ஒரு சிடியில் அடைத்திருந்தார். எனக்கு முதல் காசு சம்பாதித்துக் கொடுத்த லினக்ஸ் இதுதான். விண்டோஸ் எழுந்திருக்காத கணினியை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள், நாப்பிக்ஸ் சிடியைப் போட்டு எழுப்பி, உள்ளே இருக்கும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பேன். ஒரு அரிசி ஆலைக்காரரின் மூன்று வருஷக் கணக்கை அப்படி மீட்டுக் கொடுத்தபோது அவர் காசும் கொடுத்து ஒரு மூட்டை பொன்னியும் அனுப்பினார். அந்தச் சிடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

நடுவில் மாண்ட்ரேக் போட்டேன், நன்றாக இருந்தது, சொல்ல அதிகமில்லை. ஸ்லாக்வேர் போட்டேன். 1993ல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கியது, இன்னும் உயிரோடு இருப்பவற்றில் ஆகப் பழையது, ஒரு பொதி எதைக் கேட்கும் என்று அது தேடித் தராது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் ஞாபகம் வந்ததால் மூன்றே நாளில் எடுத்துவிட்டேன்.

ஃபெடோராவை நாலைந்து தடவை போட்டிருக்கிறேன், விட்டிருக்கிறேன். குறுவை மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். ஏடிடி 36 நெல் போட்டால் 110 நாளில் அறுத்துவிட்டு அடுத்ததற்கு உழ வேண்டாமா, அப்படி. புது வன்பொருள், புது மேசைத்தளம் எல்லாம் முதலில் அங்கேதான் வரும், கற்றுக்கொள்பவருக்கு நல்ல இடம். கடைக்கு ஆகாது. கடைக்கு வேண்டியது சிஆர் 1009 மாதிரி நீண்ட நாள் நிற்கும் சம்பா.

உபுண்டு வந்தது தபாலில். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு, தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த்தின் காசில் நடந்தது. இணையத்தில் முகவரி கொடுத்தால் சிடியை இலவசமாக அனுப்பினார்கள், ஷிப்இட் என்று பெயர், 2011 வரை நடந்தது. தபால் செலவு கூடக் கிடையாது. வெளிநாட்டு உறையோடு தபால்காரர் வந்து நின்றபோது என் அம்மா யாருக்கோ வேலை கிடைத்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். ஐந்து சிடி கேட்டிருந்தேன், ஐந்தும் வந்தன, நாலை ஊரில் கொடுத்தேன், அதில் இரண்டு வயலில் குருவி விரட்டக் கயிற்றில் தொங்கியதை நானே கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சமயம் கடை தொடங்கியாகிவிட்டது, பிஎஸ்என்எல் டேட்டாஒன் அகலப்பட்டையும் வந்தாகிவிட்டது. 500 ரூபாய் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. பயிருக்கு முறைத் தண்ணீர் விடுகிறவர் நடுராத்திரி எழுந்து மடை திறக்கப் போவதுபோல நான் 2 மணிக்கு எழுந்து கடைக்குப் போய் ஆப்ட் புதுப்பிப்பை ஓடவிட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் படுத்திருக்கிறேன். ஒரு கணினியில் இறக்கிய பொதிகளை ஆப்டன்சிடி என்ற கருவியால் சிடியில் அடித்து மற்ற மூன்று கணினிக்கும் ஏற்றுவேன். லினக்ஸ் எனக்கு நிஜமாகப் புரிந்தது இந்த ராத்திரிகளில்தான், எந்தப் பொதி எங்கே உட்காருகிறது, எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று.

சரி, கரண்ட் கதைக்கு வருகிறேன். 2008லிருந்து 2013 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். பகலில் சொல்லி வெட்டுவார்கள், ராத்திரி சொல்லாமல் வெட்டுவார்கள், 2012ல் எங்கள் பக்கம் அரை நாளுக்கு மேல் இல்லாத நாட்கள் உண்டு. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் ட்யூப் லைட்டுக்குமே திணறும். கணினி திடீரென்று அணைந்து அணைந்து எழுந்ததில் விண்டோஸ் வட்டுகள் இரண்டு போயின. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் தாங்கின, அதற்கு எக்ஸ்ட்3 கோப்பு முறைதான் காரணம். கணக்குப் பிள்ளை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார் பாருங்கள், அதேதான்: செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு அப்புறம் வட்டில் உரிய இடத்தில் எழுதும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப எழும்போது குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். அதற்கு முந்தைய எக்ஸ்ட்2ல் இது கிடையாது, ஒவ்வொரு தடவையும் வட்டு முழுக்கச் சோதித்து முடிக்கும் வரை வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் இப்படிப்பட்ட நேரத்தில் ஜெண்டூ போட்டேன் என்றால் என்னை என்ன சொல்வீர்கள். ஜெண்டூவில் மென்பொருள் மூல நிரலாக வரும், நம் கணினியிலேயே அதை இயங்கும் நிரலாகக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும், வேண்டிய வசதியை வைத்து வேண்டாததைக் கழித்துக் கட்டிக்கொள்ளலாம். கேட்கவே ஆசையாக இருக்கும். என் பென்டியம் 4ல் ஓபன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளைக் கட்ட ராத்திரி பகலாக ஓட வேண்டும். முதல் தடவை எட்டாவது மணி நேரத்தில் கரண்ட் போயிற்று. மீண்டும் தொடர் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, போட்டேன், அது எந்தப் பொதியில் நின்றதோ அந்தப் பொதியை ஆரம்பத்திலிருந்து கட்டத் தொடங்கியது. ஓபன்ஆபீஸ் மொத்தமும் ஒரே பொதி. இரண்டாவது தடவை விடியற்காலை. மூன்றாவது தடவை என் மனைவி, அப்போது கல்யாணமாகி நாலு மாதம், "அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி சுடுகிறதே, என்னதான் வேகிறது உள்ளே?" என்று கேட்டாள். கட்டி முடித்த பொதியாகவும் ஓபன்ஆபீஸ் ஜெண்டூவில் கிடைத்தது, வீம்புக்காக அதைத் தொடாமல் இருந்தேன். கடைசியில் அதைத்தான் போட்டேன், போட்டபின் ஜெண்டூ எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் ஒரு மென்பொருள் எதை எதை வைத்துக் கட்டப்படுகிறது என்பதை வேறு எந்த டிஸ்ட்ரோவும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. விடுமுறையில் சும்மா இருக்கிறீர்கள், யுபிஎஸ் இருக்கிறது என்றால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஆர்ச் நாற்றங்கால் மாதிரி. பதிப்பு என்று ஒன்று கிடையாது, தினமும் ஏதாவது புதுசு வந்துகொண்டே இருக்கும், நாமும் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவ்வளவு பசுமை. 2011லிருந்து இரண்டு வருஷம் என் சொந்த மடிக்கணினியில் இருந்தது, மூன்று தடவை சாய்ந்தது, மூன்றிலும் தப்பு என் பக்கம்தான். முதலாவது, கர்னல் புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது சார்ஜ் தீர்ந்தது. கரண்ட் வந்தபின் எழவில்லை, யுஎஸ்பியிலிருந்து எழுப்பி உள்ளே நுழைந்து மறுபடி நிறுவினேன். இரண்டாவது, 2012 ஜூலை. லிப் என்ற அடைவை இடம் மாற்றினார்கள், புதுப்பிக்கும்போது வலுக்கட்டாய விருப்பத்தைப் போடாதே என்று முகப்பிலேயே எழுதியிருந்தார்கள், நான் அதைப் போட்ட பிறகு படித்தேன். போட்ட நொடியில் எந்தக் கட்டளையும் ஓடாது, கோப்புப் பட்டியல்கூட வராது, ஏனென்றால் ஒவ்வொரு நிரலையும் ஏற்றிவிடும் நிரலே இருந்த இடத்தில் இல்லை. மூன்றாவது, ஆவணி முகூர்த்த நெருக்கடியில் மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் விட்டேன். திரும்பி வந்தால் பொதிகளைச் சரிபார்க்கும் சாவிகள் பழசாகி, எதையும் ஏற்க மாட்டேன் என்றது. அதைத் தீர்ப்பது எளிது, சாவிப் பொதியை முதலில் புதுப்பித்தால் போதும். ஆனால் பத்திரிகை வேலை குவிந்திருக்கும் மாதத்தில் கணினியையும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆர்ச்சை விட்டேன், ஆர்ச் விக்கியை விடவில்லை. எந்த டிஸ்ட்ரோவில் சிக்கல் வந்தாலும் இன்றும் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

கடைக் கணினிகள் இந்தக் கூத்தில் சேராமல் உபுண்டு 10.04ல் நிம்மதியாக இருந்தன. 2011 ஏப்ரலில் க்னோம் மேசைத்தளத்தின் 3ஆம் பதிப்பு வந்தது, உபுண்டுவிலும் யூனிட்டி என்று புது முகம். ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பார்த்தேன். தட்டச்சு செய்யும் அக்கா வந்து உட்கார்ந்து, "கீழே இருந்த பட்டை எங்கேப்பா?" என்றார். பத்து வருஷமாக விரல் போய்ப் பழகிய இடம். அவரிடம் புது வடிவமைப்பின் தத்துவத்தையா விளக்க முடியும்? 10.04ன் ஆயுள் 2013ல் முடிகிறவரை காத்திருந்து, லினக்ஸ் மின்ட் 13க்கு மாற்றினேன். பழைய க்னோம் 2ஐ மாட்டே என்ற பெயரில் உயிரோடு வைத்திருந்தார்கள், பட்டை கீழேயே இருந்தது, 2017 வரை புதுப்பிப்பும் வந்தது. அக்காவைப் பொறுத்தவரை கணினியில் எதுவும் மாறவே இல்லை, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

தமிழைச் சொல்லாமல் விட முடியாது, என் பிழைப்பே அது. தொடக்க காலத்தில் லினக்ஸில் தமிழ் படிப்பது ஒரு சோதனை. ஒகரம் ஓகாரமெல்லாம் பிய்ந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்கும், 2008ல் பயர்பாக்ஸ் 3 வந்த பிறகுதான் உலாவியில் நிம்மதியாகப் படிக்க முடிந்தது. தட்டச்சுக்கு முதலில் ஸ்கிம், அப்புறம் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவிகள், தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் கிடைத்தது, அதில் எனக்குக் குறையே இல்லை. குறை அச்சுப் பக்கத்தில்தான். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, அது வந்தது 2001ல், ஆனாலும் எங்கள் தொழிலில் அதையும் பழைய குறியாக்க எழுத்துருக்களையும் விட்டு நகராத அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. 2010ல் அரசே ஒருங்குறிக்கு மாறிய பிறகும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய கோப்பு பழைய எழுத்துருவில்தான் இருக்கும். லினக்ஸில் பேஜ்மேக்கர் வேலையைச் செய்யும் ஸ்கிரைபஸ் தமிழைச் சரியாகக் கோக்க ஆரம்பித்தது 1.5 வரிசையில், அது நிலையான பதிப்பாக 1.6 என்று வந்தது 2024 ஜனவரியில். அதுவரை பத்திரிகைகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைக் கருவியில் ஓட்டினேன், ஒரு பக்க வேலைக்கு அது பிரமாதம். பேஜ்மேக்கருக்காக இணையம் இல்லாத ஒரு விண்டோஸ் எக்ஸ்பி இன்றும் என் கடையில் மெய்நிகர் பெட்டிக்குள் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. முழுக்க லினக்ஸுக்கு மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய்.

உங்கள் அக்கா மடிக்கணினி பற்றியும் எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. 2011ல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் கடைக்கு வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கி 2007ல் வெளியிட்டது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். பிள்ளைகள் வருவார்கள், "அண்ணே, அந்த இன்னொண்ணை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வைங்கண்ணே." சிலர் தாங்களே விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டு, மறுநாள் கறுப்புத் திரையில் கிரப் நின்றுவிட்டது என்று அழுகிற முகத்தோடு வருவார்கள். எழுப்பிவிடும் நிரலின் பாதி அந்தப் பார்ட்டிஷனில்தானே இருந்தது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுத்தேன், எத்தனை என்று எண்ணவில்லை. ஊருக்கெல்லாம் லினக்ஸ் சிடி கொடுத்துக்கொண்டு திரிந்தவன், லினக்ஸ் தானாக வீடு தேடி வந்தபோது காசு வாங்கிக்கொண்டு அழித்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் உட்காரவைத்துக் காட்டியிருந்தால் பத்தில் ஒரு பிள்ளையாவது வைத்துக்கொண்டிருக்கும். கடையில் கூட்டம், செய்யவில்லை.

பப்பி லினக்ஸ், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் எல்லாம் பழைய பெட்டிகளுக்காகப் போட்டவை. பப்பி மொத்தமும் ராமில் ஏறி உட்காரும், வட்டு செத்த கணினியைக்கூட ஓட்டும். ஓபன்சூசே தனியாகச் சொல்ல வேண்டியது: அதில் ஸ்னாப்பர் என்ற ஏற்பாடு புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் நிலையைப் படம்பிடித்து வைக்கும், கெட்டுப்போனால் எழும்போதே முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அதை 2012ல் நான் வைத்திருந்தால் தலைமுடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இப்போது என் சொந்த மடிக்கணினியில் அதுதான். அப்புறம் டிஸ்ட்ரோவாட்ச் தரவரிசையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை அந்தத் தளத்தில் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்குதான் அது, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடைக்கு டெபியன் வந்தது 2017ல், 9ஆம் பதிப்பு. பெரிய காரணமில்லை, மின்ட் 13ன் ஆயுள் முடிந்தது, ஒரு தடவை மூலத்தையே போட்டுப் பார்ப்போமே என்றுதான். 1993ல் இயன் மர்டாக் தொடங்கியது, காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். எந்தக் கம்பெனியும் நடத்தவில்லை, தன்னார்வலர்கள் ஓட்டெடுத்து நடத்துகிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு, வந்தபின் பாதுகாப்புத் திருத்தம் தவிர பெரிதாக எதுவும் மாறாது. புதுசு பிடித்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும். முழுக் கிடங்கையும் டிவிடி படிமங்களாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆப்ட் இணையத்துக்குப் பதில் அந்த டிவிடியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய ராத்திரிப் பழக்கம், முதல் சில டிவிடிகளை எடுத்து வைத்திருந்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 11 நாள், அப்பா இருந்த கிராமத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல். கைபேசிக் கோபுரம், இணையம், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒருவர் வாடகை ஜெனரேட்டரைக் கடை வாசலில் வைத்துக் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்ற ஆரம்பித்தார், அதிலிருந்து ஒரு வயரை நான் உள்ளே இழுத்தேன். சாய்ந்த தென்னைக்கு நிவாரணம் கேட்டு மனு எழுத வேண்டும், எத்தனை மரம், எந்தச் சர்வே எண், வரிசையாக ஆட்கள். மனு வேலை தொடங்கிய இரண்டாவது நாளே என் பிரிண்டர் படுத்துவிட்டது. பக்கத்துத் தெருக் கடைக்காரர், சாதாரண நாளில் எனக்குப் போட்டிக்காரர், தன் எச்பி பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அதற்கான டிரைவர் என் கணினியில் நிறுவியிருக்கவில்லை. இணையம் இல்லை. 2003ல் ஃப்ளாப்பியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது அப்படியே ஞாபகம் வந்தது, இப்போது பஸ்ஸும் ஓடவில்லை. முதல் டிவிடியைப் போட்டேன், எச்பிலிப் என்ற அந்த டிரைவர் அதிலேயே இருந்தது, அது கேட்ட மற்றவையும் இருந்தன, ஆப்ட் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிஷம். அன்றைக்கு மட்டும் எண்பது மனு அடித்தோம், காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கினோம். அதற்கப்புறம் கடைக் கணினிகளில் நான் எதையும் மாற்றவில்லை, டெபியனின் அடுத்த பதிப்பு வந்தால் ஒரு வருஷம் கழித்து அதற்குப் போவேன், அவ்வளவுதான்.

இனி உங்கள் மடிக்கணினி. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது, எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது, உங்களுடையது பெரும்பாலும் 64 பிட் பிராசஸராகத்தான் இருக்கும், உள்ளே 32 பிட் விண்டோஸ் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நிஜமாகவே 32 பிட் என்றால் டெபியன் 12. வைஃபை வேலை செய்யுமா என்ற பழைய கவலை குறைந்துவிட்டது, 12ஆம் பதிப்பிலிருந்து அதற்கான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றும் நிரல்) நிறுவியிலேயே வருகிறது. ஆனாலும் நிறுவும் முன் நிறுவாமலே ஓடும் லைவ் யுஎஸ்பியில் எழுப்பி வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா, இந்த நாலையும் பார்த்துவிடுங்கள். ஹோம் அடைவுக்குத் தனிப் பார்ட்டிஷன் வையுங்கள், நாளைக்கு என்னைப்போல வேறு டிஸ்ட்ரோ ஆசை வந்தால் உங்கள் கோப்புகள் அப்படியே நிற்கும், பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

2 ஜிபி ராமில் எந்த டிஸ்ட்ரோவும் சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் ஓடும், உலாவியில் நாலு தாவல் திறந்ததும் எல்லாம் ஒன்றுதான். அதனால் டிஸ்ட்ரோ தேடும் நேரத்தில் பழைய டிடிஆர்3 ராம் ஒன்று தேடுங்கள், 4 ஜிபி ஆக்கினாலே ஆள் மாறிவிடும். கிடைக்காவிட்டால் இசட்ராம் போட்டுக்கொள்ளலாம், ராமில் இருப்பதையே சுருக்கி இடம் பண்ணிக்கொள்ளும். பழைய வட்டைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி. தமிழுக்கு ஐபஸ்ஸும் எம்17என் பொதியும், தமிழ்99 அதில் இருக்கிறது.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், காசு வேண்டாம், பழைய கடன் ஒன்று எனக்கு இருக்கிறது. அக்காவின் படங்கள் ஏதாவது உள்ளே இருந்தால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள், சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். வியாழக்கிழமை வேண்டாம், துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை கரண்ட் இருக்காது. வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள்.